அடுப்பின் பின்பக்கம்

...இன்னொரு தடவை போடு, அந்த இடத்திலிருந்து போடு, அவள் கல்லைத் தூக்குகிற இடத்திலிருந்து, என்று கிரெஸ்டன் சொன்னதும் ஃப்ரோட என்கிற அந்தப் பதினாறு வயதுப் பையன் கிழவனுக்குத் தன் படம் பிடித்துவிட்டது என்று நினைத்து இன்னும் அகலமாகச் சிரித்தான், பதினோரு நாள் வேலையை இரண்டு நிமிடமாகச் சுருக்கிக் கைபேசியில் வைத்திருந்தான், எல்லாரும் எறும்பு மாதிரி ஓடுகிறார்கள், செங்கல் தானாக எழும்புகிறது, அடுப்பு தானாக வளர்கிறது, நடுவே தொப்பியும் தொப்பையுமாகக் கிரெஸ்டனும் ஓடுகிறான். "பாரு கிரெஸ்டன், வீடியோலயாவது நீ வேகமா வேலை செய்யிற" என்றான் ஃப்ரோட, பின்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள், பேர் சொல்லி, நீ என்று, அவர்கள் நாட்டில் எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான், கிரெஸ்டனுக்கு அது பழகிவிட்டது, பழகாதது இந்தக் கைபேசிதான், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டு பார்த்தான், தோரா என்கிற பெண் கல்லை எடுக்கிறாள், முன்விளிம்பில் மட்டும் கலவை தடவுகிறாள், மணமகளுக்குப் பவுடர் போடுகிற மாதிரி, வைக்கிறாள், தட்டுகிறாள், திரும்புகிறாள், தொப்பையோடு ஒருவன் வருகிறான், குனிகிறான், தலையை ஆட்டுகிறான், போய்விடுகிறான். தலையை ஆட்டினான். யார், நானா? நான்தான். அவள் கை மறைத்திருக்குமோ, பின்னாலும் கலவை வைத்துப் படத்தில் விட்டுப்போயிருக்குமோ, சுருக்கிய படத்தில் எத்தனையோ விட்டுப்போகும்... நாலாவது தடவையும் போடச் சொன்னான். பையனின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

பேருந்து மலையை விட்டு இறங்கிச் சமவெளிக்கு வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை, சாலையில் ஆளில்லை, இரண்டு பக்கமும் அறுத்துவிட்ட சோளக்காடு, நேற்று ராத்திரி விழுந்த முதல் உறைபனி பள்ளங்களில் இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. குளிர். முதல் குளிர். இன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பை எரிப்பார்கள், ஏன் எரிக்கமாட்டார்கள், அதற்காகத்தானே கட்டியது, டேனிஷ் நாட்டு யுட்லாந்திலிருந்து இருபத்துநாலு பிள்ளைகளை ஒரு பேருந்தில் ஏற்றி இரண்டு நாள் ஓட்டிக்கொண்டு ருமேனியாவுக்கு வந்தது எதற்கு, வருஷா வருஷம் வருகிறார்கள், போன வருஷம் வேலி, அதற்கு முந்தின வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் பச்சை வர்ணம், வேலி சாய்ந்தால் வேலிதான் சாயும், வர்ணம் உதிர்ந்தால் வர்ணம்தான் உதிரும், இந்த வருஷம் அடுப்பு, "நம்மகிட்ட கிரெஸ்டன் இருக்காரே, நாப்பது வருஷக் கொத்தனார்" என்று மைக்கன்தான் கூட்டத்தில் எழுந்து சொன்னாள், மைக்கன் டீச்சர், இந்தப் பயணத்துக்குத் தலைவி, நல்லவள்தான், நல்லவர்களைத்தான் கிரெஸ்டனுக்கு அதிகமாகச் சந்தேகம். விடுதிப் பள்ளியில் குழாய் சரிபார்க்கிற, பனி தள்ளுகிற கிழவனை அன்றைக்கு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏழாம் வகுப்போடு நிறுத்திக் கொத்துவேலைக்குப் போனவன். பார்த்தது பிடித்திருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், பிடித்திருந்தது.

வளைவுதான் முக்கியம், அடுப்பிலிருந்து புகை பின்னால் போய் வளைந்து சுவருக்குள் ஏறுகிற இடம், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் படுக்கிற அறை, சுவர் சூடாக இருக்க வேண்டும் என்றுதான் அப்படி வைத்தது, கிரெஸ்டனே சொன்ன யோசனை, அந்த வீட்டுக்காரி இலியானா சுவரில் கையை வைத்துப் பார்த்து இங்கே என் குழந்தைகளின் கட்டில் என்று கையாலேயே காட்டினாள், இரண்டு பெண் குழந்தைகள், சின்னதற்கு மூன்று வயசு. வளைவுக்குள் கல்லின் முழு அகலத்துக்கும் கலவை நிரம்ப வேண்டும், முகத்தில் மட்டும் பூசினால் வெளியே அழகு, உள்ளே பொந்து, புகை வந்தாலாவது கண்ணுக்குத் தெரியும், இருமல் வரும், புகைக்கு முன்னால் ஒரு விஷவாயு வருகிறதே அது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, தூக்கம்தான் வரும், முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம்... ஃப்ரோட கட்டினதை மூன்று தடவை இடித்தேன், மூன்று தடவை, மைக்கன் வந்து, "கிரெஸ்டன், பிள்ளைங்க ஆசையா செய்யுதுங்க, கொஞ்சம் பாராட்டேன், வாய் வலிக்குமா?" என்றாள், "ஆசை செங்கல்ல ஒட்டாது" என்று சொல்லி நாலாவது தடவையும் இடித்தேன். அப்படி இடித்தவன் தோராவின் கல்லை ஏன் விட்டான்?

ஏன் விட்டான் என்று அவனுக்குத் தெரியும். ஆகஸ்டில் பள்ளிக்கு வந்ததிலிருந்து அந்தப் பெண் யாரோடும் பேசவில்லை, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து ரொட்டியின் ஓரத்தை மட்டும் தின்பாள், கிரெஸ்டன் கொதிகலன் அறைக்குப் போகும் வழியில் பார்ப்பான், இது ஓடிப்போகும் பாரு, கிறிஸ்துமஸ் தாண்டாது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வான், அந்தப் பெண் இங்கே வந்து முழங்கை வரை சேறாகி, முகத்தில் சேறாகி, புதன்கிழமை மதியம் ஒரு கல்லை வைத்துவிட்டுத் திரும்பி, "கிரெஸ்டன், இது சரியா இருக்கா?" என்று கேட்டாள், குரலே அன்றைக்குத்தான் கேட்டான், கொஞ்சம் கரகரப்பான குரல், சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தவன் அந்த முகத்தைப் பார்த்தான், பார்க்காமல் இருந்திருக்கலாம், கல்லைப் பார்க்க வேண்டியவன் முகத்தைப் பார்த்தான், தலையை ஆட்டினான். அப்புறம் பிரித்துவிட்டு நானே வைத்துக்கொள்ளலாம், சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, என்று நினைத்தது நினைவிருக்கிறது. பிரித்தேனா? சாயங்காலம் மழை, தார்ப்பாய் பிடித்துக் கட்டினோம், ஃப்ரோடயின் விரலில் ஆணி ஏறியது, மைக்கன் மருந்துப்பெட்டியைத் தேடினாள்... வியாழன் காலையில் மேலே மூன்று வரிசை ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை பூச்சு. சனிக்கிழமை விருந்து. தேதி எல்லாம் யுட்லாந்தில் ஜூன் மாசமே போட்டது, தாளில் அச்சடித்துப் பெற்றோருக்கு அனுப்பியது, அடுப்பு திறப்பு விழா சனிக்கிழமை நாலு மணி.

சரி, அதுகூடப் போகட்டும், மறந்தேன், கிழவன் மறந்தான் என்று வைத்துக்கொள்வோம், ஆனால் பற்றவைக்கும்போது உன் புத்தி எங்கே போயிற்று, ஈர வைக்கோலை உள்ளே திணித்துக் கொளுத்தி மேலே சாக்கைப் போட்டு மூடினால் ஓட்டை எங்கே என்று புகை தானாகச் சொல்லும், கால் மணி நேர வேலை, அதை ஏன் செய்யவில்லை? நாற்பது வருஷமாகச் செய்ததில்லை. ஒரு தடவைகூடச் செய்ததில்லை. கிரெஸ்டன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அது அவன் வேலை இல்லை, அவன் ஊரில் அடுப்பு கட்டியவன் கட்டிவிட்டுப் போவான், அப்புறம் புகைக்கூண்டு சுத்தம் செய்கிறவன் வருவான், கருப்புச் சட்டை, பித்தளைப் பொத்தான், தோளில் கம்பிச் சுருள், அவன் வந்து மேலே ஏறிக் கீழே இறங்கி விளக்கடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் யாரும் தீக்குச்சியே கிழிக்க முடியாது. ஓகோர் என்று ஒருவன் இருந்தான், நெட்டையன், காக்கா, ஒரு செங்கல் வைத்தறியாதவன், ஒரு வாரம் கட்டின வேலையை விரலால் சுரண்டிப் பார்த்து, "கிரெஸ்டன், இதைப் பிரி" என்பான், "உங்கப்பன் வீட்டுக் கல்லா பிரிக்கிறதுக்கு?" என்று இவன் கத்துவான், "பிரிச்சிட்டு கத்து" என்பான் ஓகோர், செத்துப்போய்ப் பன்னிரண்டு வருஷம், சவ அடக்கத்துக்குக்கூட இவன் போகவில்லை. எவனையும் நம்பாதவன் என்று ஊரில் இவனுக்குப் பேர், கடைக்காரன் தராசை நம்பமாட்டான், டாக்டரின் மாத்திரையை நம்பமாட்டான், அவன் பெண்டாட்டி குத்ரூன் உயிரோடு இருந்தவரைக்கும், "உன் நிழல் பின்னாடி வந்தாக்கூட திரும்பி ஏண்டா வர்றேன்னு கேப்ப" என்பாள், பெருமையாகத்தான் இருக்கும் அதைக் கேட்க. இப்போது பார்த்தால் நாற்பது வருஷமும் அந்தக் காக்காயை நம்பித்தான் கட்டியிருக்கிறான். நம் பின்னால் ஒருவன் வருவான், விட்டதைப் பிடிப்பான். நேற்று விருந்தில் இலியானா தீக்குச்சியைக் கிழித்தபோதும் எங்கோ மனசின் மூலையில் அதே நினைப்புதான் உட்கார்ந்திருந்தது, வருவான், பார்ப்பான்... அந்த மலையூரில் யார் வருவான்?

எழுந்து மைக்கனின் இருக்கைக்குப் போனான், அவள் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள், "கிரிகோரேவுக்குப் போன் போடு" என்றான். "என்ன மறந்துட்ட, கரண்டியா?" "போடு முதல்ல." அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் போட்டு அவன் கையில் கொடுத்தாள். கிரிகோரே, இலியானாவின் புருஷன், யுட்லாந்தில் ஒரு பன்றிப் பண்ணையில் நாலு வருஷம் வேலை பார்த்தவன், அங்கே கற்ற மொழிதான் அவனுக்கு, பன்றிகளோடும் பன்றிக்காரர்களோடும் பேசுகிற மொழி, அதனால் அவன் எது பேசினாலும் பாதி அதட்டல், பாதி வசவு, பிள்ளைகளுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தான், கிரெஸ்டன் தன் பேரைச் சொன்னான்.

"மேஸ்திரி! என்ன, எதுவரைக்கும் போயாச்சு?"

"கிரிகோரே, அடுப்பு எரியுதா?"

"எரியுது எரியுது! காலையில அஞ்சு மணிக்கு நான் போட்டேன், நல்ல கட்டை. சுவர் சூடு, அப்பா, பன்னிக்குட்டி வெக்கிற விளக்கு மாதிரி சூடு!" பின்னால் மணி அடித்தது, பாட்டுக் கேட்டது. "நான் கோயில்ல. வெளிய நிக்கிறேன், சிகரெட்."

"இலியானா?"

"வீட்ல. படுத்துட்டா. தலைவலி." சிரித்தான். "நேத்து அவளும் பிளம் சாராயம் குடிச்சா, நீ பாத்தியே, மூணு. சின்னது அவகூட தூங்குது. பெருசு என்கூட இருக்கு."

மூன்று. குடித்தாள், பார்த்தான், மூன்றாவது கோப்பையை மேசையில் கவிழ்த்து வைத்ததைக்கூடப் பார்த்தான், குடித்தால் தலை வலிக்கும், யாருக்குத்தான் வலிக்காது, இவனுக்கே இப்போது வலிக்கிறது. குழந்தை தூங்குகிறது, மூன்று வயசு, காலை பத்தரைக்குத் தூங்குமா? விருந்தில் விழித்திருந்தது, தூங்கலாம். எல்லாவற்றுக்கும் இரண்டு அர்த்தம்.

"கிரிகோரே, வீட்டுக்குப் போ. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திற. ரெண்டு பேரையும் வெளிய தூக்கிட்டு வா. நெருப்பை வெளிய அள்ளிப் போடு."

"ஏன் மேஸ்திரி? வெளிய குளிரு."

"அடுப்புல தப்பு இருக்கு."

"தப்பா? நீ கட்டினது! டேனிஷ் வேலை!" மறுபடி சிரித்தான், "நீயும் நேத்து நல்லா குடிச்ச. சரி சரி, ஜெபம் முடியட்டும், போறேன்."

"இப்ப போ!"

"பாதிரியார் பாக்குறாரு மேஸ்திரி, பத்து நிமிஷம்..."

அப்போதுதான் கிரெஸ்டனின் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது, பண்ணையில் கொட்டடியைக் காலி செய்யும்போது பலகையைத் தட்டிக்கொண்டு போடுகிற சத்தம், வெளியே, வெளியே, வெளியே என்று, சின்ன வயசில் ஒரு குளிர்காலம் அவனும் பன்றி விரட்டியிருக்கிறான், ஓட்டுநர் ப்ரேபன் கண்ணாடியில் பார்த்தான், அந்தப் பக்கம் கிரிகோரே ஏதோ தன் மொழியில் சொன்னான், செருப்பு சரளையில் இழுபடுகிற சத்தம், பெரிய பெண் அப்பா என்று கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல், அப்புறம் தொடர்பு அறுந்துபோயிற்று.

"ப்ரேபன், நிறுத்து" என்றான். "எங்க நிறுத்த, சோளக்காட்டுலயா கிழவா?" என்றாலும் அடுத்த பெட்ரோல் நிலையத்தில் ஒதுக்கி நிறுத்தினான். "திருப்பு" என்று கிரெஸ்டன் சொன்னதும் கையை விரித்தான், "மூணு மணி நேரம் வந்தாச்சு, திரும்பிப் போனா சட்டப்படி ஒரு நாளைக்கு நான் ஓட்டுற நேரம் முடிஞ்சிடும், அப்புறம் நாளைக்குத்தான் வண்டி நகரும், நீ சொல்லு மைக்கன்." மைக்கன் அவன் தோளைத் தொட்டாள், "சொல்லிட்ட இல்ல, அவர் போறாரு, நான் ஊர்த்தலைவருக்கும் போடுறேன், நீ நினைக்கிற மாதிரி எதுவும் இருக்காது கிரெஸ்டன், வெறும் படத்தைப் பாத்து..." இருக்காது என்று அவளுக்கு எப்படித் தெரியும், அவள் இதுவரைக்கும் எதிலும் அப்படித்தான், இருக்காது, நடக்காது, எல்லாரும் நல்லவர்கள். நான் இறங்கி வேறு வண்டி பிடித்துப் போகிறேன் என்றான், இருபத்துநாலு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் கட்டாயம் என்று சட்டம் சொன்னாள், சொல்லிக்கொண்டே ஊர்த்தலைவருக்குப் போட ஒரு பிள்ளையின் கைபேசியைக் கேட்டு வாங்கினாள், அவளுக்கும் பயம் வந்துவிட்டது என்று தெரிந்தது, அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. அவள் கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

குளிர்காற்றில் டீசல் வாடை. மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி. ஓடுகிறவன் எப்படி எடுப்பான், கோயிலிலிருந்து வீடு ஏற்றம், பத்து நிமிடம் நடை, ஓடினால் ஐந்து, பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடினால் ஏழு, சட்டைப்பையில் போன் அடிக்கிறது, எடுக்கக் கையில்லை, அதுதான், அப்படித்தான் இருக்க வேண்டும். ஏழு நிமிடம் ஆனது. பத்து ஆனது. இப்போது கதவைத் திறந்திருப்பான், ஜன்னலை, இலியானா முற்றத்தில் போர்வையோடு உட்கார்ந்து என்ன பைத்தியக்காரத்தனம் என்று திட்டுவாள், நன்றாகத் திட்டட்டும், சின்னது அழும், அழட்டும், அழுதால்தான் நல்லது, அவன் நெருப்பை வாளியில் அள்ளிக்கொண்டிருப்பான், எடுக்க மாட்டான்... அல்லது கோயில் வாசலிலேயே நின்றுவிட்டானா, கிழவன் உளறுகிறான் என்று பாதிரியாரிடம் சொல்லிச் சிரித்தானா, டேனிஷ் வேலை ஆயிற்றே, அப்படி நம்புகிறவனை எப்படி நம்புவது? அல்லது போய்ச் சேர்ந்துவிட்டான், கதவைத் திறந்துவிட்டான், அதனால்தான் எடுக்கவில்லையா...

ஊர்த்தலைவர் போனும் எடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை, அவரும் கோயிலில் இருப்பார் என்று மைக்கன் வண்டிப் படியிலிருந்து சொன்னாள். பிள்ளைகள் ஜன்னல் ஜன்னலாக ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை, ஃப்ரோட கைபேசியைக் கவிழ்த்துப் பிடித்திருந்தான்.

தோரா இறங்கி வந்தாள். கையை உள்ளே இழுத்து ஸ்வெட்டரின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகத்தில் இன்னும் சேறு. பக்கத்தில் வந்து நின்றாள், மணி அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தபோது கேட்டாள்.

"அது நான் வெச்ச கல்லா?"

கிரெஸ்டன் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சொல்ல வேண்டிய பதில் ஒன்றே ஒன்றுதான், நேராக நாக்கு நுனியில் இருந்தது, மேஸ்திரி பார்த்துத் தலையாட்டிய பிறகு கல் மேஸ்திரியுடையது, தொழிலில் அதற்கு இரண்டாவது பேச்சே இல்லை, பதினாலு வயசில் சேர்ந்த முதல் நாளே தெரிந்தது, ஏழாம் வகுப்பில் தெரியாததெல்லாம் அங்கே தெரிந்தது.

"ரெண்டு பேரும் வெச்சது" என்றான்.

ஆறுதலாகத்தான் சொன்னதாக நினைத்தான். அவள் தலையை ஆட்டினாள், புதன்கிழமை இவன் ஆட்டினானே அதே மாதிரி, லேசாக, திரும்பி வண்டிக்குப் போனாள், படியில் மைக்கன் நீட்டிய கையைப் பிடிக்காமல் ஏறினாள், சேறு நகத்தோடு ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தாள். அப்புறம்தான் உறைத்தது, பாதியைத் தூக்கி அந்தக் குழந்தையின் தலையில் வைத்துவிட்டிருக்கிறான், கேட்டவுடனே, யோசிக்காமல், நாற்பது வருஷப் பழக்கம் மாதிரி. கூப்பிட்டுச் சொல்லலாம், இல்லை, என்னுடையது, முழுக்க என்னுடையது என்று, வண்டி பத்தடி தூரம்தான், கண்ணாடியைத் தட்டினால் போதும். காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, இப்போது எடுத்துவிடுவான், இதோ எடுத்துவிடுவான், எடுத்த பிறகு போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.